சிறு சிக்லிட் இணைகளுக்கான துணைமீன் தேர்வு

சிறு சிக்லிட் இணைகளுக்கான துணைமீன் தேர்வு என்பது, முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் ஒரு சிறிய சிக்லிட் இணையுடன் ஒரே தொட்டியில் எந்த மீன்களை வைக்கலாம், எவற்றை வைக்கக் கூடாது என்பதை முடிவு செய்யும் மீன் வளர்ப்பு முறையாகும். சிக்லிட் குடும்பத்து மீன்கள் தம் முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பவை. காக்கும் காலத்தில் அவை தாம் தெரிந்துகொண்ட பகுதிக்குள் பிற மீன்களை நுழைய விடுவதில்லை. இவ்வாறு காக்கப்படும் பகுதி ஆட்புலம் எனப்படும். ஆற்றிலோ கழிமுகத்திலோ துரத்தப்படும் மீன் விலகிச் சென்றுவிடும். கண்ணாடித் தொட்டியில் விலகிச் செல்ல இடமில்லை. ஆகையால் துணைமீன் தவறாக அமைந்தால் துணைமீன் இறக்கும், அல்லது இணையின் முட்டைகள் அழியும், அல்லது இணையே பிரியும்.

இக்கட்டுரை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சிறு சிக்லிட்டான ஆரஞ்சு குரோமைடை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வணிகத்தில் கிடைக்கும் அயல்நாட்டுச் சிறு சிக்லிட்கள் ஒப்பீட்டுக்காகக் குறிப்பிடப்படுகின்றன.

ஆரஞ்சு குரோமைடு

ஆரஞ்சு குரோமைடின் அறிவியல் பெயர் சூடெட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ். இதனை 1795 ஆம் ஆண்டு செருமானிய இயற்கையியலாளர் புளோக் விவரித்தார். பழைய நூல்களில் இது எட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ் என்றே காணப்படும். கேரளத்தில் இது பள்ளத்தி என்று அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 8 செ.மீ. வரை வளரும் இம்மீன் நன்னீரிலும், ஆற்று நீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீரிலும் வாழ்கிறது.

இந்தியாவுக்கு உரிய சிக்லிட் இனங்கள் மூன்று மட்டுமே. மற்ற இரண்டு, கேரளத்தில் கரிமீன் எனப்படும் பச்சைக் குரோமைடும், கர்நாடகத்தின் மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளில் காணப்படும் கனரா குரோமைடும் ஆகும். இவற்றின் மிக நெருங்கிய உறவினங்கள் மடகாசுகரில் வாழ்கின்றன. பச்சைக் குரோமைடு பொதுவாக 20 செ.மீ. அளவிலும் சில வேளைகளில் அதற்கு மேலும் வளர்வதால் அது சிறு சிக்லிட் ஆகாது. கேரள அரசு 2010 ஆம் ஆண்டு அதனை மாநில மீனாக அறிவித்தது.

இயற்கையில் துணைமீன்கள்

ஆரஞ்சு குரோமைடும் பச்சைக் குரோமைடும் ஒரே கழிமுகங்களில் சேர்ந்து வாழ்கின்றன. இலங்கையில் இவ்விரு மீன்களையும் ஆராய்ந்த சாக் வார்டு, ரிச்சர்டு வைமன் ஆகியோர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் இவற்றின் உறவில் இரு வேறு பக்கங்கள் இருப்பதைக் காட்டின.

* ஆரஞ்சு குரோமைடு, பச்சைக் குரோமைடின் உடலிலும் துடுப்புகளிலும் ஒட்டியிருப்பவற்றைக் கொத்தித் தூய்மை செய்கிறது. பெரிய மீன் இதற்கு இடம் கொடுக்கிறது. இது தூய்மையாக்கும் கூட்டுவாழ்வு எனப்படும். பவளப் பாறைகளில் வாழும் கடல்மீன்களிடம் இது நன்கு அறியப்பட்டதாகும்.
* அதே ஆரஞ்சு குரோமைடு, பச்சைக் குரோமைடின் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் உண்கிறது.

ஒரே மீன் ஒரு வேளை உதவியாகவும் ஒரு வேளை கொள்ளையாகவும் அமைவது துணைமீன் தேர்வுக்கு அடிப்படையான பாடமாகும். இரு மீன்கள் பொருந்துமா என்ற வினாவுக்கு இனப் பெயரை மட்டும் வைத்து விடை கூற இயலாது. இணை முட்டையிட்டுள்ளதா, குஞ்சுகள் எந்த வளர்நிலையில் உள்ளன, தொட்டியில் எவ்வளவு இடம் உள்ளது என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். பல மாதங்கள் அமைதியாக இருந்த தொட்டி, முட்டையிட்ட ஒரே நாளில் போர்க்களமாவது இதனாலேயே ஆகும்.

துணைமீனின் பயன்

முட்டையிடும் இணையைத் தனித்தொட்டியில் வைப்பதே பாதுகாப்பான முறை என்பது பொதுவான கருத்து. முட்டைகளைப் பொறுத்தவரை இது உண்மையே. எனினும் துணைமீன்களால் இரண்டு பயன்கள் உண்டு.

முதலாவது அச்சம் தணிதல். திறந்த வெளியில் சிறுமீன்கள் இயல்பாக நீந்துவதைக் காணும் சிக்லிட், அருகில் கொன்றுண்ணி இல்லை என்று கொண்டு மறைவிடத்திலிருந்து வெளியே வருகிறது. தொட்டி மீன்கள் மிரண்டு ஒளிவது நடத்தை ஆய்வுக்குத் தடையாக இருந்ததால், அமெரிக்க விலங்கு நடத்தையியலாளர் சார்ச்சு பார்லோ 1968 ஆம் ஆண்டு இம்முறையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். இவ்வகைத் துணைமீன்களை அச்சம் தணிக்கும் மீன்கள் எனலாம்.

இரண்டாவது சினத்தைத் திசை திருப்புதல். துரத்துவதற்குப் பிற மீன் எதுவும் இல்லாத தொட்டியில் ஆண் மீன் தன் துணையையே தாக்கத் தொடங்கலாம். எல்லைக்கு அப்பால் சில மீன்கள் தென்பட்டால் ஆணும் பெண்ணும் சேர்ந்து அவற்றை எதிர்க்கின்றன. இதற்குத் துணைமீன் தொலைவில் தென்பட்டாலே போதும், அடிபட வேண்டியதில்லை. இடையே கண்ணாடித் தடுப்பு வைத்து அப்பால் மீன்களை விடுவதாலும் இப்பயன் கிடைக்கும்.

ஆகவே நல்ல துணைமீன் என்பது இணையின் கண்ணில் படக்கூடியதும், முட்டையை அடைய முடியாததும், துரத்தினால் தப்பிக்கக் கூடியதும் ஆகும்.

தேர்வு அளவைகள்

நீர்

துணைமீன் தேர்வு நீரிலிருந்து தொடங்க வேண்டும். இரு மீன்களுக்கும் ஒத்த நீர் இல்லையெனில் குணம் ஒத்திருந்தும் பயனில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். சாத்தான்குளம் வழியாகச் செல்லும் கருமேனியாறு மணப்பாடு அருகே கடலில் கலக்கிறது. அதற்கு வடக்கே தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. இக்கடலோரப் பகுதியில் கிணற்று நீரின் தன்மை ஊருக்கு ஊர் மாறுகிறது. கடல்நீர் ஊடுருவிய இடங்களில் அது கடினமாகவும் உவர்ப்பாகவும் உள்ளது. இத்தகைய நீர் ஆரஞ்சு குரோமைடுக்கு ஏற்றது. ஆனால் தென்னமெரிக்காவின் மென்னீரில் தோன்றிய ராம் சிக்லிட், அபிஸ்டோகிராமா, கார்டினல் டெட்ரா ஆகியவற்றுக்கு இது ஏற்றதன்று. நன்னீர் கிடைக்கும் வீட்டில் வளர்ப்போருக்குத் தேர்வு விரிவானது. உவர்நீர்க் கிணறு உள்ள வீட்டில் உவர்ப்பைத் தாங்கும் மீன்களுக்குள்ளேயே இணையையும் துணையையும் தெரிந்துகொள்வது எளிது.

ஆரஞ்சு குரோமைடு நன்னீரிலும் வாழும். எனினும் சிறிதளவு உப்பு சேர்ந்த நீரில் அது நோயின்றி இருப்பதாக வளர்ப்போர் கருதுகின்றனர். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. தொட்டிக்கு லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் போதுமானது. உப்பளத்தில் விளையும் சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடே ஆகும். கடல்நீரிலிருந்த மக்னீசியத்தின் பெரும்பகுதி, உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கடல்மீன் தொட்டிகளுக்கென விற்கப்படும் கலவை உப்பே இதற்குப் பொருத்தமானது. உப்பைச் சில நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

கடினமான உவர்நீரில் காரத்தன்மை கூடுதலாக இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, காரத்தன்மை மிகுந்த நீரில் கூடுதல் நச்சுத்தன்மை அடைகிறது. எனவே துணைமீன்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பது இங்கு இரட்டைப் பயன் தரும்.

இடம்

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி 54 லிட்டர் கொள்ளும். இத்தகைய தொட்டியில் ஓர் ஆரஞ்சு குரோமைடு இணை முட்டையிட்டால் அதன் ஆட்புலம் ஏறத்தாழத் தொட்டி முழுவதும் பரவும். இதில் தரைவாழ் துணைமீன் எதையும் வைக்கக் கூடாது. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 182 லிட்டர் கொள்ளும். இதில் இணை ஒரு முனையில் குடிகொள்ள, மறுமுனையில் துணைமீன்களுக்கு இடம் மிஞ்சும்.

உயரத்தை விட நீளமே முதன்மையானது. கற்கள், வேர்க்கட்டைகள், கவிழ்த்த மண்சட்டிகள் ஆகியவற்றை இணையின் பார்வை மறையும்படி நடுவில் வைத்தால் அதே நீளம் இரண்டு பகுதிகளாகப் பயன்படும்.

நீந்தும் அடுக்கு

சிறு சிக்லிட்கள் பெரும்பாலும் தரையை ஒட்டியே முட்டையிடுகின்றன. ஆகவே நீர்ப்பரப்பை ஒட்டி நீந்தும் மீன்களே முதல் தெரிவாகும். நடு அடுக்கில் நீந்துபவை பெரிய தொட்டிகளுக்கு ஏற்றவை. தரையில் மேய்பவை தவிர்க்கப்பட வேண்டியவை.

வாயும் உணவும்

துணைமீனின் வாய் அளவு கவனிக்கத்தக்கது. ஒரு மீன் முதிர்ந்த இணையோடு அமைதியாக வாழ்ந்தாலும், அதன் வாய்க்குள் அடங்கும் குஞ்சு அதற்கு உணவே ஆகும். துடுப்பைக் கடிக்கும் பழக்கமுள்ள மீன்களும் ஏற்றவை அல்ல.

இரவு நடமாட்டம்

சிக்லிட்கள் பகலில் பார்வையால் காவல் காப்பவை. இருளில் மேயும் கெளுத்தி வகைகள் அந்நேரத்தில் முட்டைகளை உண்டுவிடும். மாலையில் கல் மீது ஒட்டியிருந்த முட்டைகள் காலையில் காணாமல் போனால், இணை தானே உண்டது என்று முடிவு செய்யும் முன் இதனைக் கருத வேண்டும்.

பொருந்தும் மீன்கள்

உவர்நீர்த் தொட்டியில் ஓர் ஆரஞ்சு குரோமைடு இணைக்குப் பின்வருவன பொருந்தும்.

* மோலி: உப்பைத் தாங்கும், மேல் அடுக்கிலும் நடு அடுக்கிலும் நீந்தும், எளிதில் கிடைக்கும். ஆண்களின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும்.
* கப்பி: சிறிதளவு உப்பைத் தாங்கும். நீண்ட வாலுடைய அலங்கார வகைகள் துரத்தலிலிருந்து விரைந்து தப்ப இயலாதவை. குட்டை வால் வகைகள் மேலானவை.
* கண்ணாடி மீன்: உடலுக்குள் எலும்பு தெரியும் இந்திய மீன். கூட்டமாக வைத்தால் அச்சம் தணிக்கும். சாயம் ஏற்றி விற்கப்படும் மீன்களை வாங்கக் கூடாது. சாயம் ஊசி மூலம் உடலில் செலுத்தப்படுவதாகும்.
* பிற ஆரஞ்சு குரோமைடுகள்: இது கூட்டமாக வாழும் மீன். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இளமீன்களைச் சேர்த்து வளர்த்தால் இணைகள் தாமாகவே அமையும். ஆனால் முட்டையிட்ட பின் எஞ்சிய மீன்களுக்குப் பெரிய தொட்டி தேவை.

நன்னீரில் வளர்ப்போர் வரிக்குதிரை டேனியோ போன்ற விரைவாக நீந்தும் சிறு மீன்களைக் கூட்டமாக வைக்கலாம்.

பொருந்தாத மீன்கள்

* சக்கர் மீன்: கண்ணாடியைத் தூய்மை செய்யும் என்று கூறி விற்கப்படும் இக்கெளுத்தி இரவில் மேய்வது, முட்டைகளை உண்ணும். தடித்த கவசம் கொண்டதால் சிறு சிக்லிட் இதனை விரட்ட இயலாது. தொட்டிகளில் விற்கப்படும் பொதுவான வகைகள் 30 செ.மீ.க்கு மேல் வளரும்.
* பச்சைக் குரோமைடு: மேற்கூறிய கூட்டுவாழ்வைக் காண விரும்புவோர் இதனை வைக்க எண்ணலாம். இளமீன்களைச் சில காலம் வைக்கலாம். முதிர்ந்தபின் அதன் உடலளவே சிறிய இணையை ஒடுக்கிவிடும்.
* புலிக்கெண்டை எனப்படும் டைகர் பார்ப்: துடுப்புகளைக் கடிக்கும்.
* பேத்தை மீன் வகைகள்: உவர்நீருக்கு ஏற்றவையாயினும் துடுப்பையும் உடலையும் கடித்துச் சேதப்படுத்தும்.
* திலேப்பியா: விரைவில் பெரிதாகி ஆட்புலத்தைக் கைப்பற்றும்.
* இறால்களும் நத்தைகளும்: சிறு இறால்கள் இணைக்கு உணவாகும். நத்தைகளில் சில வகை முட்டைகள் மீது ஊர்ந்து அவற்றை உண்ணும்.

கடலோரக் கழிமுகங்களில் பிடிபடும் மீன்களைத் துணையாகச் சேர்ப்போர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கடற்குதிரைகளும் அவற்றின் உறவினங்களான குழல்மீன்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

பிற சிறு சிக்லிட்கள்

* ராம் சிக்லிட்: வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதிக்கு உரியது. 27 முதல் 30 பாகை செல்சியசு வெப்பமும் மென்னீரும் வேண்டுவது. இவ்வெப்பத்தைத் தாங்காத மீன்கள் துணையாகா. மென்மையான குணமுடையதாதலால் துணைமீனே இதனை ஒடுக்கும் வாய்ப்பு உண்டு. சிறிய டெட்ராக்கள் ஏற்றவை.
* கிரிபென்சிஸ்: நைசீரியா, கமரூன் பகுதி மீன். குகை போன்ற இடத்தில் முட்டையிடும். குஞ்சு காக்கும்போது தன்னைவிடப் பெரிய மீன்களையும் எதிர்க்கும். தரைவாழ் கோரிடோரஸ் கெளுத்திகள் துரத்தப்பட்டும் திரும்பத் திரும்ப எல்லைக்குள் நுழைவதால் காயமடைகின்றன. மேல் அடுக்கு மீன்களே இதற்கு ஏற்றவை.
* கான்விக்ட் சிக்லிட்: நடு அமெரிக்காவுக்கு உரியது. எளிதில் முட்டையிடும். ஆனால் முட்டையிட்ட பின் சிறிய தொட்டியில் எந்தத் துணைமீனையும் பொறுக்காது. இதற்குத் தனித்தொட்டியே தீர்வு.
* சங்குவாழ் சிக்லிட்கள்: ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் காலியான நத்தைக் கூடுகளில் வாழ்பவை. கடினமான, காரத்தன்மையுள்ள நன்னீர் வேண்டுபவை. இவற்றின் ஆட்புலம் சிறியதாதலால் சிறிய தொட்டியிலும் மேல் அடுக்கில் துணைமீன்களை வைக்கலாம்.

இரண்டு வகைச் சிறு சிக்லிட் இணைகளை ஒரே தொட்டியில் வைப்பது, 182 லிட்டர் தொட்டியிலும் ஐயத்திற்குரியதே.

முட்டையிட்ட பின்

ஆரஞ்சு குரோமைடு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 200 முட்டைகளை இடுகிறது. முட்டைகள் சிறு காம்புகளால் கல்லிலோ வேரிலோ ஒட்டியிருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் நீரை விசிறி அவற்றுக்கு உயிர்வளி கிடைக்கச் செய்கின்றன. வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டைகள் பொரிகின்றன. பொரித்த குஞ்சுகள் தரையில் தோண்டிய சிறு குழிகளுக்கு மாற்றப்படுகின்றன. நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் பெற்றோரின் உடலைத் தொட்டுத் தொட்டு அதன் மேலுள்ள சளிப்படலத்தை உண்கின்றன. வார்டும் பார்லோவும் 1967 ஆம் ஆண்டு இந்நடத்தையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். குஞ்சுகள் பெற்றோரை விட்டு நெடுநேரம் விலகாதிருப்பதற்கு இது ஒரு காரணமாகும். துணைமீன்களின் தொல்லையால் பெற்றோர் ஓயாமல் துரத்திக்கொண்டிருந்தால் குஞ்சுகளுக்கு இவ்வாய்ப்புக் குறைகிறது.

இக்காலத்தில் பின்வரும் குறிகள் தென்பட்டால் துணைமீன்களை அகற்ற வேண்டும்.

* துணைமீன்கள் நீர்ப்பரப்பின் ஒரு மூலையில் ஒடுங்கி நின்று உணவுக்கு வராதிருத்தல்.
* துணைமீன்களின் துடுப்புகள் கிழிந்திருத்தல்.
* பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் முட்டையை விட்டு விலகித் துரத்துதல்.
* ஆண் தன் பெண் துணையைத் தாக்கத் தொடங்குதல்.

முட்டையிட்ட இணையை வேறு தொட்டிக்கு மாற்றினால் அது பெரும்பாலும் முட்டையைக் கைவிடும். ஆகவே இடம் மாற்றப்பட வேண்டியவை துணைமீன்களே. இதற்கெனச் சிறிய மாற்றுத் தொட்டி ஒன்றை முன்னரே நீர் நிரப்பி வைத்திருத்தல் நலம். முதன்முறை முட்டையிடும் இணை தன் முட்டையைத் தானே உண்பது பொதுவாக நிகழ்வதே. அதற்காக இணையைப் பிரிக்க வேண்டியதில்லை.

குஞ்சுகளுக்கு உப்புநீரில் வாழும் ஆர்ட்டீமியாவின் இளவுயிரிகள் சிறந்த உணவாகும். தூத்துக்குடி உப்பளங்களில் ஆண் உயிரியின்றியே பெருகும் ஆர்ட்டீமியா வகை காணப்படுகிறது. துணைமீன்கள் உள்ள தொட்டியில் இவ்வுணவின் பெரும்பகுதியை அவையே உண்டுவிடும். எனவே குஞ்சுகளின் அருகில் குழாய் மூலம் உணவைச் செலுத்துவது வழக்கம்.

எஞ்சிய மீன்கள்

துணைமீன் தேர்வு தவறும்போது பலர் பொருந்தாத மீனை அருகிலுள்ள குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். இதன் விளைவு தொட்டியோடு நிற்பதில்லை. மொசாம்பிக் திலேப்பியா 1952 ஆம் ஆண்டு உணவு மீனாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உவர்நீரையும் தாங்கும் அம்மீன் பின்னர் தென்னிந்தியாவின் குளங்களிலும் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் பரவி, முட்டையிடும் இடத்திற்கும் உணவுக்கும் நாட்டு மீன்களோடு போட்டியிடுகிறது. அலங்கார மீனாக வந்த சக்கர் வகைக் கெளுத்திகளும் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் நிலைபெற்றுவிட்டன. அவை மீனவர் வலைகளைச் சேதப்படுத்துவதோடு சந்தையில் விலையும் பெறுவதில்லை.

தொட்டியில் ஒரு இணையின் முட்டைகளை அழிக்கும் மீன், கழிமுகத்தில் விடப்பட்டால் அங்குள்ள குரோமைடுகளின் முட்டைகளையும் அவ்வாறே அழிக்கும். பொருந்தாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தல், வேறு வளர்ப்போரிடம் ஒப்படைத்தல், தனித்தொட்டியில் வைத்தல் ஆகியவையே ஏற்கத்தக்க வழிகள். வாங்கும் முன்பே மீனின் முழு வளர்ச்சி அளவு, அது நீந்தும் அடுக்கு, இரவுப் பழக்கம், வேண்டும் நீர் ஆகிய நான்கையும் கேட்டறிந்தால் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது.